கையெழுத்துப் போட்டால் போதுமா?

"ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத்தானே வந்தார்கள்? பிடிக்காவிட்டால் ஊர் திரும்பட்டும்." வெளியூர்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் என்றாலே மயிலாப்பூரிலும் அடையாறிலும் ஃபில்டர் காபியோடு பரிமாறப்படும் வாதம் இது.

சிங்கப்பூரைப் பார்க்கலாம். 2012 நவம்பர் 26 அன்று எஸ்.எம்.ஆர்.டி. போக்குவரத்து நிறுவனத்தின் சீன ஓட்டுநர்கள் 171 பேர் பேருந்தை எடுக்க மறுத்தார்கள். மலேசிய ஓட்டுநருக்கு அடிப்படைச் சம்பளம் 1,400 சிங்கப்பூர் வெள்ளி, இவர்களுக்கு 1,075. மலேசியரும் வெளிநாட்டவர்தானே! தங்குமிடம் கொடுக்கிறோமே என்றது நிறுவனம். அந்த அறைகளில் மூட்டைப்பூச்சி என்பது ஓட்டுநர்களின் புகார். மூட்டைப்பூச்சியும் சம்பளத்தில் சேர்த்தியா?

முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்தது சட்டப்படி தவறுதான். ஆனால், அறைகளைச் சீர்செய்வதாக நிறுவனம் உறுதியளித்தது வண்டிகள் நின்ற பிறகே.

கையெழுத்துப் போட்ட அந்த ஓட்டுநர்களில் ஐவர் சிறை சென்றார்கள். 29 பேர் நாடு கடத்தப்பட்டார்கள்.