ஊசி வேணாம், மஞ்சள் கார்டு மட்டும் போதும்னு கேட்கிறவங்களுக்கு

1/ "டாக்டர், ஊசியெல்லாம் வேணாம். கார்டுல சீல் மட்டும் குத்திக் குடுங்க." தாம்பரம் பக்கத்துல இருந்து கென்யா, உகாண்டா, நைஜீரியான்னு வேலைக்குக் கிளம்புறவங்க சிலர் இப்படிக் கேட்கிறாங்க. அதைத் தர எனக்கு அதிகாரம் கிடையாது. இருந்தாலும் தர மாட்டேன். ஏன்னு சொல்றேன்.

2/ மஞ்சள் காமாலை வேற, மஞ்சள் காய்ச்சல் வேற. இது கொசு பரப்புற வைரஸ். இதுக்குன்னு தனி மருந்து இல்ல. நோய் முற்றி கல்லீரல், கிட்னி அடிவாங்குற கட்டத்துக்குப் போனவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர் 7-10 நாள்ல இறந்துடுறாங்க.

3/ பரப்புறது ஏடிஸ் கொசு. நமக்கு டெங்கு கொடுக்கிற அதே கொசு. முடிச்சூர்லயும் பல்லாவரத்துலயும் மழை விட்டதும் டயர்லயும் தொட்டியிலயும் முட்டை போடுதே, அதான். இந்தியாவுல கொசு இருக்கு, இந்த வைரஸ் இல்ல. உள்ள வராம இருக்கத்தான் பாஸ்போர்ட்டோட கார்டையும் கேட்கிறாங்க. நீங்க வாங்குற போலி சீல் உங்க தெருவுக்கே ஆபத்து.

4/ கிளம்புறதுக்கு முந்தின நாள் போட்டா உதவாது. ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் சான்றிதழ் செல்லும். செல்லுபடியாகிற கார்டு இல்லாம அந்த நாடுகள்ல இருந்து மீனம்பாக்கத்துல இறங்கினா 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம்.

5/ "10 வருஷம் முடிஞ்சுது, புதுப்பிக்கணும்"னு ஏஜென்ட் காசு கேட்டா குடுக்காதீங்க. 2016 ஜூலை 11 முதல் இந்தச் சான்றிதழ் ஆயுசுக்கும் செல்லும். அதுக்கு முன்னாடி வாங்கின கார்டும்தான்.

6/ இது உயிருள்ள, வீரியம் குறைச்ச வைரஸ் ஊசி. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், கடுமையான முட்டை அலர்ஜி, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க, 60 வயசு தாண்டினவங்க டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். போடக் கூடாதவங்களுக்கு முறையான விலக்குச் சான்றிதழ் இருக்கு. பொய்க்கு அவசியமே இல்ல.

7/ அரசுக்கும் ஒண்ணு. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட், ராஜாஜி சாலை துறைமுக சுகாதார அலுவலகம், தூத்துக்குடின்னு மையங்கள் விரல் விட்டு எண்ணுற அளவுலதான் இருக்கு. அந்த இடைவெளியிலதான் ஏஜென்ட் கடை விரிக்கிறான். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியிலயும் ஒரு மையம் திறங்க.

8/ ஆனா தாம்பரத்துக்காரங்களுக்கு அந்தச் சாக்கும் இல்ல. பீச் ட்ரெயின் ஏறினா கிண்டி. பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு, கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே போய்ப் போட்டுக்கோங்க.