இந்த வயசுல கிடார் எதுக்கு?

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் மாப்பிள்ளை முறை ஆகவேண்டியவர். பாயசம் வரும்வரை பொறுத்திருந்து ஆரம்பித்தார். "என்ன மாமா, ஒன்றரை லட்சம் கொடுத்து கிடார் வாங்கினீங்களாமே? இந்த வயசுல எதுக்கு?" பந்தியில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். இலைக்கு முன்னால் சண்டை போடக்கூடாது என்பது எங்கம்மா சொல்லிக்கொடுத்தது. இப்போது கை கழுவியாகிவிட்டது. பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. எந்த வயசில் வாங்கியிருக்க வேண்டும்?

1966ல் எங்கள் தெருவில் ஒரு ரிடையர்டு சொல்தா இருந்தார். சைகோனிலிருந்து கொண்டுவந்த பழைய கிடார் ஒன்று அவரிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுத் திண்ணையில்தான் கற்றுக்கொண்டேன். எனக்குப் பதினாலு வயசு, பிரெஞ்சு பள்ளிக்கூடம். தோ, ரே, மீ என்று அவர் சொன்னது சுலபமாக ஏறியது. (இன்றைக்கும் யாராவது 'ஸி மேஜர்' என்றால், அது 'தோ' என்று மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டுதான் கை போகும்.)

எல்.டி.சி. வேலை கிடைத்த மறுவருஷம், 1975ல், சொந்தமாக ஒன்று வாங்கினேன். ஒட்டுப்பலகையில் செய்தது. கழுத்து வளைந்து, கம்பிக்கும் பலகைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழையும். நம்மூர் உப்புக்காற்றில் பிரிட்ஜ் இரண்டு தடவை பெயர்ந்து வந்தது. நல்லதாக ஒன்று வாங்கவேண்டும் என்று அன்றே நினைத்தேன். பிறகு தங்கை கல்யாணம். அப்புறம் மெத்தை ஒழுகியது. பெரியவனுக்குக் காலேஜ், சின்னவளுக்குக் கல்யாணம்.

நான் வேலை பார்த்த செக்ஷனில் ஜி.பி.எஃப். முன்பண விண்ணப்பங்கள் என் மேஜை வழியாகத்தான் போகும். காரணம் எழுதவேண்டும். கல்யாணம், வைத்தியம், படிப்பு, வீடு. நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். கிடார் என்று எழுதியவர் ஒருவரும் இல்லை. நானும் எழுதவில்லை. எழுதியிருந்தால் என் கையாலேயே ஆட்சேபணைக் குறிப்பு போட்டுத் திருப்பியிருப்பேன்.

அப்படி நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. கடமை இருந்தவரை 'இப்ப வேண்டாம்', கடமை முடிந்ததும் 'இந்த வயசுல வேண்டாம்'. நடுவில் ஒரு நாள்கூட 'இப்ப வாங்கிக்கோ' என்று யாரும் சொன்னதில்லை.

பணம் வீண் என்கிறார்கள். கேட்ட மாப்பிள்ளை வீட்டில் முப்பது சவரன் பாங்கு லாக்கரில் தூங்குகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். என் கிடார் விலை மூணு சவரன்கூட வராது, தினமும் இரண்டு மணி நேரம் வேலை செய்கிறது. இதில் எது வீண்?

விரல் மடங்குமா என்று இன்னொருவர் கேட்டார். முழுசாக மடங்காது, ஒப்புக்கொள்கிறேன். இடது மோதிரவிரல் காலையில் அரை மணி நேரம் அடம்பிடிக்கிறது. ஆனால் ஜாங்கோ ராய்ன்ஹார்ட்டின் கதை என்ன? 1928ல் அவர் குடியிருந்த வண்டிவீட்டில் தீப்பிடித்து, இடது கையில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் கருகி முடங்கிப்போயின. வயசு பதினெட்டு. மிச்சமிருந்த இரண்டு விரலை வைத்துக்கொண்டு பாரிஸையே கேட்க வைத்தார். வயசுதான் குறை என்றால் செகோவியாவைப் பாருங்கள். 1987ல் 94 வயசில் காலமானார், அந்த வருஷமும் மேடையில் வாசித்தார். ஹெர்மன் ஹவுசர் 1937ல் செய்துகொடுத்த கிடாரை அவர் இருபத்தைந்து வருஷம் விடாமல் வாசித்தார். நான் அவர்கள் கால்தூசி, தெரியும். ஆனால் மட்டமான கருவி மேதையைவிட என்னைப் போன்றவனைத்தான் அதிகம் படுத்தும். வலிக்கிற விரலுக்கு எதற்கு இன்னும் உயரமான கம்பி?

இனி என் கிடாரைப் பற்றி. ஸ்பெயினில் செய்தது, சென்னைக் கடையில் வாங்கினேன். முன்பலகை ஒட்டுப்பலகை இல்லை, முழு ஸ்ப்ரூஸ் மரம். பின்பலகையும் பக்கப்பலகையும் நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். இங்கே கட்டில், பீரோ செய்வார்களே, அதேதான். அது கப்பலேறிப் போய்ப் பாட்டுக் கற்றுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. கடையில் ஆறாவது கம்பியை மீட்டியதும் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. திண்ணையில் சொல்தா வாசிக்கும்போது கேட்ட அதே கனம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். கடைப் பையன் தூசி என்று நினைத்திருப்பான்.

பெட்டிக்குள் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி வைத்திருக்கிறேன். ஐம்பது சதவீதத்தை ஒட்டி இருக்கவேண்டும். ஐப்பசி மழையில் அது எகிறும்போது நான் படும் பாட்டைப் பார்த்து, "என் முழங்காலுக்கு ஒருநாள் இப்படித் தவிச்சிருப்பீங்களா" என்றாள் வீட்டுக்காரி. நியாயமான கேள்வி. ஆனால் சென்னைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவளே அவள்தான்.

எனக்கப்புறம் இது யாருக்கு என்றும் கேட்கிறார்கள். வாசிக்கிறவர்களுக்கு. என் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், ஷோகேசில் வைக்கக்கூடாது, சுவரில் மாட்டி என் போட்டோவுக்குப் பக்கத்தில் மாலை போடவும் கூடாது.

மாப்பிள்ளை இதைப் படிப்பாரென்று தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். வாங்க மாப்பிள்ளை, காபி உண்டு.