எண்ணத் தெரிந்த இயந்திரம்

எண்ணிக்கையைப் பற்றிச் சேலத்து மண்ணுக்குப் புதிதாக யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாமக்கல்லும் சேலம் மாவட்டத்திலேயே இருந்தது. அன்று இங்கே ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகளே இருந்தனர். மறு ஆண்டே தமிழக அரசின் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதலாக நம் மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. அது நமக்கு வாய்த்த பெருமையன்று. நம்மீது எழுதப்பட்ட பழி. கள்ளிப்பாலும் நெல்மணியும் செய்த வேலையைப் பிற்பாடு ஸ்கேன் கருவி ஓசையின்றிச் செய்தது. கருவியின்மேல் மட்டும் குற்றம் சுமத்தி நாம் தப்பிவிட முடியாது. பெண் வேண்டாம் என்று முன்பே முடிவு கட்டிவிட்ட வீட்டுக்குள் அது நுழைந்தது.

இன்று அதே வாசலில் இன்னொரு கருவி வந்து நிற்கிறது. இரத்தத்தைக் கொண்டு குரோமோசோம் குறைகளைக் கண்டறியும் தானியங்கிக் கருவியையே சொல்கிறோம்.

மனித உயிரணுவின் உட்கருவில் 46 குரோமோசோம்கள் உள்ளன. இரத்தத்தின் வெள்ளையணுக்களை ஏறத்தாழ மூன்று நாள் வளர்த்து, அவை பிரியும் வேளையில் தடுத்து நிறுத்தி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது நெடுநாள் முறை. அப்படித் தடுத்து நிறுத்த உதவுவது கோல்ச்சிசின். நமக்கு அண்டையிலுள்ள கரூர், திண்டுக்கல் பக்கத்து வயல்களில் விளையும் கண்வலிக்கிழங்கில் உள்ள அதே நஞ்சு. முன்பெல்லாம் ஆய்வுக்கூட ஊழியர் ஒருவர் புகைப்படத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி, 23 இணைகளாக ஒட்டுவார். இன்றோ கண்ணாடித் தகடுகளை அடுக்கி வைத்தால் போதும். தகுந்த அணுக்களைத் தேடுவதும் படமெடுப்பதும் இணை சேர்ப்பதும் இயந்திரமும் கணினியுமே. முடிவைச் சரிபார்த்துக் கையொப்பமிடுபவர் மட்டும் மனிதர்.

இதனால் விளையும் நன்மையை மறுப்பது அறியாமை. நாள்பட்ட இரத்தப் புற்றுநோய் ஒன்றில் தென்படும் சிறு குரோமோசோமை 1960இல் பிலடெல்பியாவில் கண்டனர். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதே அதன் காரணம் என 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த அறிவு இமாட்டினிப் என்ற மருந்தாகி 2001இல் நோயாளிகளிடம் வந்தது. அம்மருந்தின் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது; உச்ச நீதிமன்றமும் 2013இல் உரிமை வழங்க மறுத்தது. எனவே பல மடங்கு குறைந்த விலையில் நம் ஏழைகளுக்கும் அம்மருந்து எட்டுகிறது. குறையைக் கண்டு மனிதனைக் காப்பாற்றும் கருவியை நாம் இரு கரம் நீட்டி வரவேற்கிறோம்.

நம் வழக்கு வேறொரு பயன்பாட்டின்மேல். கருவின் மரபுப்பொருள் துணுக்குகள் தாயின் இரத்தத்தில் கலந்திருப்பதை 1997இல் டென்னிஸ் லோ கண்டறிந்தார். 2011 முதல் அது வணிகப் பரிசோதனையாகிவிட்டது. இயந்திரம் இலட்சக்கணக்கான துணுக்குகளை எண்ணுகிறது. 21ஆம் குரோமோசோமின் பங்கு மிகுந்தால் டவுன் நோய்க்குறி இருக்கலாம் என எச்சரிக்கிறது. 'இருக்கலாம்' என்றுதான் அது சொல்கிறது. அதையே தீர்ப்பு என எடுத்துக்கொள்கிறவர்கள் நாம்.

'நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி' என்னும் விளம்பரத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். இளந்தாய்மார் பத்தாயிரம் பேர். அவர்களுள் ஆயிரத்தில் ஒருவருடைய கருவுக்குக் குறை என்று கொள்வோம். அப்படியானால் பத்துக் கருக்கள். இயந்திரம் அப்பத்தையும் தவறாமல் சுட்டட்டும். நலமான கருவைத் தவறாகச் சுட்டுவது ஆயிரத்தில் ஒன்றே என்றாலும் மேலும் பத்துப் பேர் அப்பட்டியலில் சேர்வர். எச்சரிக்கை பெற்ற இருபது தாய்மாரில் பாதிப் பேரின் கருவில் எக்குறையும் இல்லை! பனிக்குட நீரைச் சோதித்து உறுதி செய்யும்வரை அந்த எச்சரிக்கை வெறும் ஐயமே. இதை அத்தாய்க்கு அமர்ந்து விளக்கியவர் யார்?

'தகவலைத் தருகிறோம், முடிவு பெற்றோருடையது' என்பர் பரிசோதனையை விற்பவர். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால், மாமியாரும் கணவனும் சுற்றத்தாரும் சூழ்ந்து நிற்க, விளங்காத ஆங்கிலத்தாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு எந்த உரிமை மிஞ்சுகிறது? 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்த சட்டம், கருவின் பாலினத்தை வெளியிடுவதைத் தடுத்ததோடு நிற்கவில்லை. பிறப்புக்கு முன் செய்யும் கண்டறிதல் சோதனைக்கு, தாய்க்குப் புரியும் மொழியில் எடுத்துரைத்து எழுத்துவழி இசைவு பெற வேண்டும் என்றும் விதித்தது. பாலினத்தை மறைக்கச் சொன்ன பகுதியை நாம் அறிவோம். புரியவைக்கச் சொன்ன பகுதியை மறந்தோம்.

டவுன் நோய்க்குறிக்கு 21ஆம் குரோமோசோம் ஒன்று மிகுந்திருப்பதே காரணம் என்று 1959இல் உலகிற்கு அறிவித்தவர்களுள் ஒருவர் ஜெரோம் லெஜூன். அணுக்களை வளர்த்துத் தந்த மார்த்தா கோத்தியேயின் பங்கும் அதில் பெரிது. தம் கண்டுபிடிப்பு அக்குழந்தைகளை வேட்டையாடப் பயன்படுவதைக் கண்ட லெஜூன், வாழ்நாள் முழுதும் அதை எதிர்த்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1994இல் அவரை வாழ்வுக்கான திருப்பீடக் கல்விக்கழகத்தின் முதல் தலைவராக்கினார். அவர் அறிவியலை வெறுத்தவர் அல்லர். நோயை ஒழிப்பது வேறு, நோயாளியை ஒழிப்பது வேறு என்று அறிந்தவர்.

இனி விரல் நம் பக்கமே திரும்ப வேண்டும். அத்தகைய குழந்தை பிறந்த வீட்டில் நாம் என்ன பேசினோம்? 'சொந்தத்தில் கட்டியதால் வந்தது' என்றோம். 'எந்தப் பாவமோ' என்றோம். டவுன் நோய்க்குறி உறவுத் திருமணத்தால் வருவதன்று. பெரும்பாலும் உயிரணு பிரியும்போது நேரும் தற்செயலான பிழை அது. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடுகிறது, அவ்வளவே. அக்குழந்தையின் அக்காளுக்கு வரன் பார்க்கையில் தம்பியை உள்ளறையில் மறைக்கச் செய்தது இயந்திரமா? ஞாயிறு திருப்பலியில் அவன் குரலெழுப்பியபோது திரும்பி முறைத்தது யார்? இவ்வளவும் செய்துவிட்டுக் கருவறைப் புனிதம் பேசினால், அந்தத் தாய் நம்மை நம்ப மாட்டாள், நம்பவும் வேண்டாம்.

ஆகவே நாம் கேட்பவை இவை. உறுதி செய்யப்படாத எச்சரிக்கையைக் கொண்டு எவரும் எம்முடிவுக்கும் தாயைத் துரத்தலாகாது. தமிழில் விளக்கும் ஆலோசகர் இல்லாத இடத்தில் இப்பரிசோதனை நடக்கலாகாது. இக்குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும். அதற்கான சிகிச்சைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் வழிகாட்ட ஒவ்வொரு பங்கிலும் இருவராவது முன்வர வேண்டும்.

1923 முதல் முப்பதாண்டுகளுக்கு மேலாக, மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்றே அறிஞர் உலகம் எண்ணி வந்தது. 46 எனத் தெளிந்தது 1956இல்தான். நுண்ணோக்கி பொய் சொல்லவில்லை. பார்த்தவர்கள் தாம் எதிர்பார்த்ததையே கண்டார்கள். இன்றைய இயந்திரத்திற்கு எண்ணத் தெரியும். எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் நாம். 1991இன் கணக்கு நம்மை வெட்கப்படுத்தியது. அடுத்த கணக்கில் யார் குறைகிறார்கள் என்று எந்தக் கணக்கெடுப்பும் சொல்லப்போவதில்லை. அது நமக்கும் இறைவனுக்கும் மட்டுமே தெரிந்திருக்கும்.