சிலம்பைக் கழற்றிய விடியல்

சென்ற கோடை விடுமுறையில் தங்கை குடும்பத்தாருடன் அமராவதி நகருக்குச் சென்றிருந்தேன். உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே மலையை நோக்கிச் செல்லும் வழியில் உள்ள ஊர் அது. அணையில் நீர் உள்வாங்கியிருந்தது. மரநிழலில் அமர்ந்து சோற்றுப் பாத்திரங்களைத் திறந்துகொண்டிருந்தபோது, கல்லூரியில் படிக்கும் தங்கை மகள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். மணல் மேடுகளுக்கு நடுவே மணக்கோலத்தில் இருவர்; சுற்றிலும் ஆள் நடமாட்டமே இல்லை.

“மாமா, மேல்நாட்டில் சிலர் இப்படித்தான் திருமணம் செய்கிறார்கள். ஊரைக் கூட்டுவதில்லை, பந்தி போடுவதில்லை. இருவர் மட்டும் பாலைவனத்துக்குப் போய் மணம் முடித்துத் திரும்புகிறார்கள். எவ்வளவு துணிச்சல்!” என்றாள்.

தங்கையின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. “பேச்சைப் பார்!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெண்ணைப் பெற்றவளின் அச்சம் எனக்குப் புரிந்தது.

“இது மேல்நாட்டார் கண்ட புதுமையன்று அம்மா. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் புலவர்கள் இதற்கு உடன்போக்கு என்று பெயரிட்டுப் பாடியிருக்கிறார்கள். அதற்குரிய நிலமும் பாலைதான்” என்றேன்.

தமிழரின் பாலை மணற்பரப்பு அன்று. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு கெட்டு வறள்வதே பாலை என்கிறது சிலப்பதிகாரம். அதைக் காண நாங்கள் தொலைவு போக வேண்டியிருக்கவில்லை. ஆனைமலையின் மழை மறைவுப் பகுதி இது. எல்லைக்கு அப்பால் கேரளத்துச் சின்னாறு வரை முட்காடுகள் விரிகின்றன. எதிரே கிடந்த அமராவதிதான் பழைய ஆன்பொருநை. அது கரூரைக் கடந்து காவிரியில் கலக்கிறது. கரூருக்கு அருகே புகளூர்க் குன்றின் தமிழிக் கல்வெட்டில் பெருங்கடுங்கோன் என்னும் சேரனின் பெயர் உள்ளது. பாலை பாடிய பெருங்கடுங்கோவை இவனோடு தொடர்புபடுத்துவர் அறிஞர் சிலர்.

உடன்போக்கு எளிதில் எடுக்கப்பட்ட முடிவன்று. தோழி துணை நிற்பாள், நாள் குறிப்பார்கள், வீடு விழிக்கும் முன் புறப்பட வேண்டும். நற்றிணையில் கயமனார் பாடிய ஒரு பாட்டு அந்த விடியலைக் காட்டுகிறது. தயிர் கடையும் வேளை. ஒலி எழாதிருக்கத் தலைவி காற்சிலம்பைக் கழற்றுகிறாள். தன் பந்தோடு அதையும் ஓரிடத்தில் வைக்கப் போகிறாள். நாளை இவற்றைக் கண்டு தன் விளையாட்டுத் தோழியர் வருந்துவார்களே என்று நினைத்ததும் அவளையும் மீறிக் கண்ணீர் பெருகுகிறது. இதைத் தலைவனிடம் எடுத்துரைத்துத் தோழி அந்தப் பயணத்தையே நிறுத்துகிறாள். துணிச்சலைப் பாட வந்த புலவர், அந்தத் துணிச்சலின் விலையையும் மறைக்கவில்லை.

வழியில் வெயில் உண்டு, விலங்கு உண்டு, ஆறலை கள்வர் உண்டு. மதுரை மருதன் இளநாகனார் பாடிய தலைவன் அவளைத் தேற்றுகிறான்: போர் வந்தால் அஞ்சாமல் எதிர்ப்பேன், உன் உறவினர் வந்தால் மறைந்துகொள்வேன் என்கிறான். பெண்ணின் வீட்டாரை அவன் பகைவராக எண்ணவில்லை.

வீட்டில் விடப்பட்டவர்களையும் புலவர்கள் மறக்கவில்லை. வெள்ளிவீதியார் பாடிய செவிலி, கால் ஓய்ந்து கண் மங்கும் வரை தேடுகிறாள். எதிர்ப்படும் இணையர் எல்லாம் வேறு யாரோ. பாலைக்கலியில் ஒரு செவிலி, வழியில் வரும் துறவியரிடம் மகளைக் கண்டீர்களா என்று கேட்கிறாள். மலையில் பிறந்தாலும் சந்தனம் பூசுவோருக்கே பயன்படும். கடலில் பிறந்தாலும் முத்து அணிவோருக்கே பயன்படும். உன் மகளும் அப்படித்தான் என்று அவர்கள் தேற்றுகிறார்கள்.

“அவ்வளவுதானா மாமா? போனவள் போனவள்தானா?” என்று கேட்டாள் பெண்.

இல்லை. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாலைக்குப் பாடிய நூறு பாடல்களில் இறுதிப் பத்தின் பெயர் மறுதரவுப் பத்து. அதாவது, திரும்பி வருதல். அதில் ஒரு தாய் கேட்பது நெஞ்சை உருக்குகிறது. சிலம்பு கழிக்கும் சடங்கு உங்கள் வீட்டில் நடந்தாலும் நடக்கட்டும்; திருமணத்தையாவது எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று அவன் தாயிடம் சொன்னால் என்ன? ஓடிப்போன மகளைக் குறித்து அவள் கேட்பது இவ்வளவே. தொல்காப்பியமும், கொடுப்பதற்குரியோர் இல்லாமல் உடன்போன இடத்திலும் மணச் சடங்கு உண்டு என்கிறது. யாருமற்ற இடம் என்பதற்காகப் பொறுப்பற்ற உறவு என்று ஆகிவிடாது. மணமகளின் சம்மதமும் சாட்சிகளும் மஹரும் வைத்து நிக்காஹ் முடிக்கும் நம் குடும்பங்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இந்தக் காலத்துச் சட்டமும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-இன்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வயது வந்த இருவர் மனமொப்பி மணக்கக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ கட்டாயமன்று என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது.

ஆனால், நாங்கள் அமர்ந்திருந்த இடத்துக்கு அருகிலுள்ள உடுமலைப்பேட்டையில்தான் 2016 மார்ச் 13 அன்று, சாதி கடந்து மணந்த இளம் இணையரைப் பட்டப்பகலில் வெட்டினார்கள். கணவர் உயிரிழந்தார், மனைவி படுகாயத்துடன் பிழைத்தார். அன்று அவர்களைத் தாக்கியது ஆறலை கள்வர் அல்லர், சாதிவெறி. சங்கத்துத் தாய் வெயிலை நினைத்து அழுதாள். மகள் நடக்கும் வழி குளிரட்டும் என்று விரும்பினாள். நாமோ வழியையே கொலைக்களமாக்கிவிட்டோம்.

அதுவரை பேசாதிருந்த தங்கை மகளைப் பார்த்து, “யாரையாவது பிடித்திருந்தால் முதலில் என்னிடம் சொல். நான் கோபப்படுவேன். இருந்தாலும் சொல்” என்றாள். பெண் சிரித்தாள், ஆனால் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டாள்.

அன்பு இளைஞர்களே, சாகசம் பாலைவனத்தில் இல்லை. பெற்றவர் முகம் பார்த்து உண்மையைச் சொல்வதற்கே பெருந்துணிவு வேண்டும். பெற்றோரே, மகள் சொல்லத் துணிந்தால் காது கொடுத்துக் கேளுங்கள். கேட்க ஆளில்லாத வீட்டில்தான் சிலம்புகள் ஓசையின்றிக் கழற்றப்படுகின்றன. அப்படியும் போய்விட்டாளா? அந்தத் தாயைப் போல், “இங்கே வா, நம் வீட்டில் செய்வோம்” என்று சொல்லியனுப்புங்கள். பாலைப் பாட்டின் கடைசிப் பத்து திரும்பி வருதல் என்பதை மறந்துவிடாதீர்கள்.