கையறியும் பொத்தானும் கண் தேடும் திரையும்

கடந்த கார்த்திகை மாதத்து மழைநாள் ஒன்றில் மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாண நகரம் நோக்கிப் புறப்பட்டோம். கார் என் மருமகனுடையது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கான தடை நீக்கப்பட்ட பின்னர் அவன் ஆசையோடு வாங்கிய மின்சாரக் கார். ஆனைக்கோட்டையை அண்மித்தபோது மழை வலுத்தது. முன்கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிந்து வீதி மங்கலாயிற்று.

பழைய காராயின் ஒரு குமிழைத் திருப்பியிருப்பான். இங்கே குமிழ் இல்லை. டாஷ்போர்ட்டின் நடுவே பெரிய திரையொன்றுதான் இருந்தது. விரலை வைத்தான், வானொலிப் பக்கம் திறந்தது. மீண்டும் தொட்டான், வரைபடம் வந்தது. "பொறுங்கோ மாமா, இதுக்குள்ளதான் எங்கயோ கிடக்கு" என்றபடி மூன்றாம் முறையும் திரையைப் பார்த்தான். நான் வீதியைப் பார்த்தேன். மங்கிய கண்ணாடிக்கு அப்பால், வெள்ளைச் சீருடையில், ஒரு கையால் குடையைப் பிடித்தவாறு பள்ளிச் சிறுமியொருத்தி துவிச்சக்கரவண்டியில் சென்றுகொண்டிருந்தாள்.

"தம்பி, சைக்கிள்!" என்று கத்தினேன். பிரேக்கை அழுத்தினான். வண்டி நின்றபோது அவளுடைய பின்சில்லுக்கும் எமக்கும் இடையே ஒரு முழ இடைவெளிதான். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. மழைச் சத்தத்தில் எதுவும் கேட்டிராது.

அவன் பொறுப்பற்ற சாரதி அல்லன். கைத்தொலைபேசியை எடுக்கவில்லை; வேகமாகவும் செலுத்தவில்லை. வீதி தெரியவேண்டும் என்பதற்காக, அந்த வண்டியை உருவாக்கியவர்கள் எங்கே பார்க்கச் சொன்னார்களோ அங்கேதான் பார்த்தான். அன்றிலிருந்து என்னை உறுத்துவது இதுதான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் விபத்துச் செய்திகளை எழுதியும் திருத்தியும் வந்தவன் நான். "வேகக் கட்டுப்பாட்டை இழந்த கார் மதகுடன் மோதி விபத்துக்குள்ளானது" என்ற வாக்கியத்தை எத்தனை நூறு தடவை அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அந்தக் கணத்தில் சாரதியின் கண் எங்கே இருந்தது என்று ஒரு நாளாவது கேட்டு எழுதினேனா? இல்லை. கலைப்பீடத்தில் படித்த எனக்கு மோட்டார் சாத்திரம் தெரியாது. ஆயினும் இந்தக் கேள்வியைக் கேட்க அது தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் மின்சாரக் கார்களுக்கு எதிரானவன் அல்லன். 2022 இல் எரிபொருள் நிலைய வாசல்களில் நாட்கணக்கில் வரிசையில் கிடந்த எம் மக்களுக்கு, கூரையில் விழும் வெயிலில் ஓடும் வண்டி பெரும் வரம். என் குறை, அந்த மோட்டாரோடு சேர்த்து எம் தலையில் கட்டப்படும் திரையைப் பற்றியது.

யாழ்ப்பாணத்துக்கு மின்சாரக் கார் புதிதல்ல. சுமார் பத்தாண்டுகளுக்கு முன்னரே யப்பானில் பாவித்த நிசான் லீஃப் கார்கள் இலங்கைக்கு வந்துவிட்டன. அவற்றின் திரைகள் யப்பானிய மொழியில்தான் பேசின. வரைபடம் யப்பானைத்தான் காட்டியது. வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் ஒரு பெண்குரல் எதையோ பணிவோடு சொல்லும். அந்நாட்டு நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கான அட்டை செருகப்படவில்லை என்பதே அந்த அறிவித்தல் என்பது அறியாமலே பலர் ஆண்டுக்கணக்கில் அதைக் கேட்டு வந்தார்கள். ஆனாலும் அந்தக் கார்களைச் சிரமமின்றிச் செலுத்த முடிந்தது. ஏன்? வேகத்தைக் காட்டும் எண்கள் ஸ்டியரிங்குக்கு மேலே, வீதியைப் பார்க்கும் பார்வைக்கு அருகிலேயே இருந்தன. குளிரூட்டிக்கும் கண்ணாடி ஆவிக்கும் தனித்தனிப் பொத்தான்கள் இருந்தன. மின்கலம் வற்றிப்போகும் தறுவாயில் ஓர் ஆமையின் உருவம் ஒளிரும். அதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் தேவையில்லை. திரை விளங்காவிட்டாலும் கார் ஓடியது. இன்று வருகின்ற சில கார்களிலோ திரை விளங்காவிட்டால் காரே விளங்காது.

இதற்கும் முந்திய ஒரு காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடையின் நாட்களில், மானிப்பாயில் வாடகைக்கு மொறிஸ் மைனர் ஓட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகள் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் முன்விளக்கையும் அணைத்துவிடுவார். அந்தக் கும்மிருட்டில் பிள்ளைப்பேற்று வலியெடுத்த பெண்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். எந்தக் குமிழ் எங்கே இருக்கிறது என்பதை அவருடைய கை அறியும். விளக்கின் ஒளியைத் தாழ்த்தும் விசை தரையில் இடது காலடியில் இருந்தது. அதைக் கால் அறியும். கண்ணுக்கு ஒரே வேலைதான்: வீதியைப் பார்ப்பது.

வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம். மொறிஸ் மைனரிலும் வேகமானி நடுவில்தானே இருந்தது? உண்மை. 1950களின் நடுப்பகுதியிலிருந்து வந்த மொறிஸ் மைனர்களில் ஒற்றை வட்ட வேகமானி டாஷ்போர்ட்டின் நடுவேதான் இருந்தது. இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கும் ஒரே பலகையைப் பொருத்திவிடலாம் என்ற வசதி அதில் உண்டு. இன்றைய நடுத்திரைக்கும் அதே வசதி உண்டு. ஆனால் அந்த வட்டம் ஒரு முள்ளை மட்டுமே காட்டியது. அதன் முகம் மாறவில்லை. கண்ணாடி துடைப்பானை அதற்குள்ளே தேட வேண்டியிருக்கவில்லை. நேர் எதிரே இருப்பதே மேல் என்பேன். எனினும் இடத்தைவிடப் பெரிய குறை, நூறு வேலைகளை ஒரே கண்ணாடிப் பரப்பில் திணித்து, அதன் முகத்தையும் கணத்துக்குக் கணம் மாற்றுவதுதான். பொத்தானுக்கு ஒரு மேடும் ஒரு நிலையான இருப்பிடமும் உண்டு. அது விரலுக்குத் தெரியும். வழுவழுப்பான திரையில் விரல் குருடு. கண் வந்துதான் கைபிடித்துக் கூட்டிச்செல்ல வேண்டும்.

அப்படியிருந்தும் ஏன் இதைச் செய்கிறார்கள்? பொத்தானுக்குப் பொத்தான் அச்சும் கம்பியும் வேண்டும். திரைக்கு மென்பொருள் போதும். செலவு மிச்சம். பார்ப்பவருக்கு நவீனமாகவும் தெரியும். டெஸ்லா நிறுவனம் 2017 இல் வெளியிட்ட மொடல் 3 இல், சாரதிக்கு நேரெதிரே எதுவுமில்லை. வேகமும் நடுத்திரையின் மூலையிலேயே தெரிந்தது. 2023 இல் அதே காரை மாற்றியமைத்தபோது சிக்னல் தண்டையும் நீக்கி, ஸ்டியரிங்கில் பொத்தான்களாக வைத்தார்கள். ஸ்டியரிங் சுழலும்போது அந்தப் பொத்தான்களும் சேர்ந்தே சுழலும். 2025 இல் வெளிவந்த புதிய மொடல் வை காரிலோ சிக்னல் தண்டு பத்திரமாக இருந்தது. தவறு உணரப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். வொக்ஸ்வாகன் நிறுவனமும் ஒலி, வெப்பம், காற்று, அபாய விளக்கு ஆகியவற்றுக்கு இனி உண்மையான பொத்தான்களே என்று 2025 இல் அறிவித்தது.

இவர்கள் மனம் மாறியதற்குக் காரணங்கள் இருக்கின்றன. 2022 இல் சுவீடனின் 'வி பீலாகரே' என்ற வாகனச் சஞ்சிகை ஒரு பரிசோதனை நடத்தியது. மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும்போது, வெப்பத்தைக் கூட்டுவது, கண்ணாடி ஆவியை நீக்குவது, வானொலி நிலையத்தை மாற்றுவது போன்ற எளிய வேலைகளைச் செய்யவேண்டும். காரோடு பழகிக்கொள்ளச் சாரதிகளுக்கு முன்கூட்டியே நேரமும் கொடுக்கப்பட்டது. பொத்தான்கள் நிறைந்த 2005 ஆம் ஆண்டின் பழைய வொல்வோ வி70 இல் எல்லாவற்றையும் முடிக்கப் பத்து விநாடிகள் எடுத்தன. அதற்குள் கார் 306 மீற்றர் சென்றிருந்தது. எம்ஜி மார்வெல் ஆர் என்ற மின்சாரக் காரில் அதே வேலைகளுக்கு 44.6 விநாடிகள், சென்ற தூரம் 1,372 மீற்றர்.

ஜெர்மனியில் டெஸ்லா சாரதி ஒருவர் மழையில் வைப்பரின் வேகத்தைத் திரையில் மாற்ற முயன்று வீதியை விட்டு விலகி மோதினார். 2020 இல் கார்ல்ஸ்றூ உயர் பிராந்திய நீதிமன்றம் அவருக்கான 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாத ஓட்டுநர் தடையையும் உறுதி செய்தது. வைப்பரை அங்கே வைத்தவர் நிறுவனம். தண்டனை பெற்றவர் சாரதி. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் தீர்ப்பின் சுமை யார் தோளில் விழுகிறது என்பதை வாங்குபவர் அறிந்திருக்கவேண்டும்.

கடலிலும் இதுதான் நடந்தது. 2017 ஓகஸ்ட் 21 ஆம் திகதி சிங்கப்பூருக்கு அருகே அமெரிக்கக் கடற்படைக் கப்பல் 'ஜோன் எஸ். மக்கெயின்' எண்ணெய்க்கப்பலுடன் மோதியதில் பத்து மாலுமிகள் மாண்டனர். தொடுதிரையில் சுக்கான் கட்டுப்பாட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றியதில் எழுந்த குழப்பம் அதன் காரணங்களுள் ஒன்று. 2019 இல் அக்கடற்படை, கப்பலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பொறியைத் திரையிலிருந்து மீண்டும் கைப்பிடிக்கே மாற்ற முடிவெடுத்தது. பயிற்சி பெற்ற மாலுமிகளுக்கே இந்த நிலை என்றால் எங்கள் கதை என்ன?

எங்கள் வீதியை எண்ணிப் பாருங்கள். வாகனத் திரையில் ஒரு தடவை பார்ப்பது இரண்டு விநாடிகளைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனம் 2013 இல் வகுத்த வழிகாட்டல். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு விநாடி என்பது ஏறத்தாழ 28 மீற்றர். மானிப்பாய் வீதியில் 28 மீற்றருக்குள் என்னவெல்லாம் நடக்கும்! ஒழுங்கையிலிருந்து ஒரு முச்சக்கரவண்டி எட்டிப்பார்க்கும். மாடு ஒன்று வீதியின் நடுவே நின்று யோசிக்கும். பஸ் சொல்லாமல் நிற்கும். துவிச்சக்கரவண்டி வெள்ளம் நிற்கும் ஓரத்தை விட்டு நடுவுக்கு வரும். இரண்டு விநாடி எங்களுக்கு மிக அதிகம்.

ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரங்கள் வழங்கும் 'யூரோ என்கெப்' அமைப்பு, 2026 முதல் ஐந்து வேலைகளுக்குத் தனியான, தொட்டறியக்கூடிய விசைகளை எதிர்பார்க்கிறது: சிக்னல், அபாய விளக்கு, வைப்பர், ஹோர்ன், அவசர உதவி அழைப்பு. நல்ல தொடக்கம். ஆனால் என் மருமகனை அலைக்கழித்த ஆவி நீக்கும் விசை இந்தப் பட்டியலில் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை அறிந்த நாம்தான் அதைச் சேர்த்துக் கேட்கவேண்டும். எமது நாட்டில் மின்சாரக் கார்களுக்கான வரி மோட்டாரின் கிலோவாற் வலுவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. கிலோவாற்றை எண்ணும் அரசு, சாரதியின் கைக்கு எட்டும் பொத்தான்களையும் எண்ணினால் என்ன? மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் ஒரு பக்கத்தில் எழுதிவிடக்கூடிய நிபந்தனைதான் இது. கேட்டால் நடக்கும். யப்பானில் விற்பதற்காக பிவைடி நிறுவனம் சிக்னல் தண்டை அந்நாட்டு வழக்கப்படி வலப்பக்கத்துக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறது.

"குரலால் சொன்னால் போதும், மாமா" என்றான் மருமகன். "கண்ணாடியைத் துடை" என்று நல்ல தமிழில் சொல்லிப் பார்த்தேன். பதில் வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே மானிப்பாயில், அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழ் கற்று, மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, எம்மவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உயிரோடு தொடர்புடைய அறிவு, அதைப் பயன்படுத்துபவரின் மொழியில் இருக்கவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அந்த மரியாதையைக் கார் விற்பவர்களிடமும் எதிர்பார்ப்பது பிழையாகாது.

புதிய கார் வாங்க எண்ணும் உறவுகளுக்கும், ஊரிலுள்ள பெற்றோருக்கு வாங்கிக் கொடுக்கப் பணம் அனுப்பும் புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். விற்பனைக்கூடத்தில் சாரதி ஆசனத்தில் அமருங்கள். கண்களை மூடிக்கொள்ளுங்கள். வைப்பர், சிக்னல், அபாய விளக்கு, ஹோர்ன், கண்ணாடி ஆவி நீக்கி ஆகிய ஐந்தையும் கையால் மட்டும் தேடுங்கள். சிக்னல் தண்டு நீங்கள் பழகிய பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். யப்பானியக் காருக்குப் பழகிய கை, சந்தியில் சிக்னலுக்குப் பதிலாக வைப்பரைப் போட்டுவிடும். ஐந்தும் அகப்பட்டால் பிறகு விலை பேசுங்கள். அகப்படாவிட்டால், திரை எவ்வளவு பெரிதென்றாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

மருமகன் இப்போது ஆவி நீக்கும் பக்கத்தை, வண்டி புறப்படுமுன்னரே திறந்து வைத்துவிடுகிறான். அந்தச் சிறுமி எந்த ஊர்ப் பிள்ளை என்று எனக்குத் தெரியாது. ஒரு முழம் குறைந்திருந்தால் அறிந்திருப்பேன். மறுநாள் பத்திரிகையில், நான் வழக்கமாக எழுதும் அதே வாக்கியத்தில்.