மொட்டைமாடியில் ஓர் ஆகாசக் கம்பி

2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி ஜில்லாவில் பெய்த மழையை நம் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செண்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறக்குறைய 800 பிரயாணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. அதைவிடக் கொடுமை, பல கிராமங்களிலிருந்து செய்தியே வெளிவரவில்லை என்பதுதான். மின்சாரம் அற்றது, அதைத் தொடர்ந்து கைத்தொலைபேசியும் ஊமையாயிற்று. தந்தை இருக்கிறாரா, குழந்தைகள் பத்திரமா என்று வெளியூர்களில் உள்ளோர் தவித்த தவிப்பு சொல்லுந்தரமன்று.

கைத்தொலைபேசிக் கோபுரங்களுக்கு மின்சாரம் வேண்டும். அது நின்றால் சில மணி நேரம் பாட்டரி, பிறகு டீசல். டீசல் கொண்டுபோகும் பாதையே வெள்ளத்தில் மூழ்கினால் என் செய்வது? இத்தகைய வேளையில் உதவக்கூடிய சாதனம் ஒன்று உண்டு. அதற்குப் பெரிய கோபுரமும் வேண்டாம், நடுவே நிலையமும் வேண்டாம். ஒரு மோட்டார் கார் பாட்டரி, ஒரு சிறு யந்திரம், மொட்டைமாடியில் கட்டிய தாமிரக் கம்பி, இவை போதும். அமெச்சூர் ரேடியோ என்றும், ஹாம் ரேடியோ என்றும் இதனை வழங்குவர். ‘பொழுதுபோக்கு’ என்று பெயர் சூட்டியதே இதற்கு நேர்ந்த முதல் அநீதி என்பது நம் அபிப்பிராயம்.

இதில் நமது கடற்கரைக்கு இயற்கையே அநுகூலமாயிருக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குக் கம்பியின் நீளம் சுமார் 20 மீட்டர். அதை நடுவே ஒரு கம்பத்தில் ஏற்றி, இரு முனைகளையும் தாழ்த்திக் கூரை வடிவில் கட்டினால் சாதாரண வீட்டின் மாடியே போதுமானது. கம்பி மிக உயரமாக இருந்தால்தான் பயன் என்று நினைப்பது தவறு. தாழ்வாகக் கட்டிய கம்பி அலையைப் பெரும்பாலும் நேர் மேலே அனுப்புகிறது. வானத்தின் மேலடுக்கு அதனைத் திருப்பிச் சுற்றுவட்டாரத்தில் பொழிகிறது. பகலில் தூத்துக்குடியிலிருந்து நெல்லை, நாகர்கோவில், மதுரை முதலிய ஊர்களோடு இடையில் மலையோ வெள்ளமோ தடுக்காமல் பேசுவதற்கு இதுவே உகந்த முறை.

உப்புக்காற்றைப் பற்றி இங்கே சொல்லியே ஆகவேண்டும். உப்பளங்களின் ஊரில் வெறுங்கம்பி வெகு சீக்கிரம் பச்சை பூத்துப் போகும். இரும்பு ஆணி துருவேறி உதிரும். உறையிட்ட கம்பியும், துருப்பிடியாத எஃகுத் திருகாணியும், தண்ணீர் புகாதபடி மூடிய இணைப்புகளும் அத்தியாவசியம். இழுத்துக் கட்டுவதற்கு விசைப்படகுக்காரர் வாங்கும் கயிறே போதும். ஆனால் வெயிலில் நைந்த கயிற்றை வருஷந்தோறும் மாற்றவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, தெருவில் ஓடும் மின்சாரக் கம்பியிலிருந்து எட்ட நிற்பது. கம்பம் சாய்ந்து விழுந்தாலும் அதன்மேல் படாத தூரம் இருக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும்போது யந்திரத்திலிருந்து கம்பியைக் கழற்றி வெளியே விட்டுவிட வேண்டும். அண்டை வீட்டார் அஞ்சுவது முழுதும் மூடநம்பிக்கையன்று. முறையாக நிலத்தில் இணைத்துக் காட்டி அவர்களுடைய அச்சத்தைப் போக்குவது கம்பி கட்டுபவரின் கடமை.

ஆனால் அண்டை வீட்டார் அச்சம் வேறு, அதிகாரிகளின் சந்தேகம் வேறு. ஒலிபரப்பும் யந்திரம் என்றாலே சர்க்காருக்கு ஒரு நடுக்கம் அந்நிய ஆட்சியின் காலந்தொட்டு இருந்துவருகிறது. 1939-இல் யுத்தம் மூண்டதும் இந்தியாவில் அமெச்சூர் உரிமங்கள் யாவும் ரத்தாயின. அப்படியிருந்தும் 1942 ஆகஸ்டில் பம்பாயில் காங்கிரஸ் ரேடியோ பேசிற்று. ஸ்ரீமதி உஷா மேத்தாவும் தோழர்களும் இடம் மாற்றி இடம் மாற்றி 42.34 மீட்டரில் அதனை நடத்தினர். நவம்பர் 12-இல் போலீசார் பிடிக்கும் வரையில் அது ஓயவில்லை. அதற்கு வேண்டிய தொழிலறிவு பம்பாய் அமெச்சூர்களிடமிருந்து வந்ததே. சென்னையின் கதையும் அத்தகையதே. ஸ்ரீ ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924-இல் சென்னை ராஜதானி ரேடியோ கிளப் தோன்றியது. பணமின்றி 1927-இல் ஓய்ந்தபோது, தன் யந்திரத்தைச் சென்னை நகரசபைக்கு அளித்துவிட்டுச் சென்றது. நகரசபை 1930-இல் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. சர்க்கார் ரேடியோ சென்னைக்கு வந்தது 1938-இல்தான். கப்பலையே சுதேசியாக ஓட்டிய சிதம்பரம் பிள்ளையின் ஊருக்கு இச்சரித்திரத்தை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்தமானில் நடந்ததும் கவனிக்கத்தக்கது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, ஸ்ரீமதி பாரதி பிரசாத்தும் அவருடைய சகாக்களும் அமெச்சூர் முயற்சியாகப் போர்ட் பிளேரில் இருந்தனர். தொடர்பற்றுப்போன தீவுகளிலிருந்து செய்திகளை அனுப்ப அவர்களுடைய யந்திரமே உதவிற்று. முன்னேற்பாடன்று, தற்செயல். அத்தகைய தற்செயலை நம்பியே நமது ஜில்லாவும் காத்திருக்க வேண்டுமா?

12 வயது நிரம்பிய எவரும் மத்திய சர்க்காரின் பரீட்சையில் தேறி உரிமம் கோரலாம். ஆரம்பத்தரப் பரீட்சைக்கு மார்ஸ் தந்தி முறைகூடத் தேவையில்லை. ஆனால் பரீட்சைக்குப்பின் போலீஸ் விசாரணை முதலிய படிகளைத் தாண்டவேண்டும். இங்கேதான் மனுக்கள் தூங்குகின்றன. கடற்கரை ஜில்லாவில் ஜாக்கிரதை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் உரிமம் பெற்றவர் தம் பெயரையும் விலாசத்தையும் சர்க்காரிடம் ஒப்புவித்து, தமக்குரிய அழைப்புக்குறியைச் சொல்லிப் பகிரங்கமாகப் பேசுகிறவர். தீய எண்ணமுள்ளவன் பரீட்சை எழுதி வருவானா?

மீனவ சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த உரிமம் படகில் வியாபாரம் பேசுவதற்கன்று. கடலுக்குரிய ரேடியோவும் அலைவரிசையும் வேறு. கரையிலே திரேஸ்புரத்திலும் மணப்பாட்டிலும் இதனைக் கற்ற இளைஞர் சிலர் இருந்தால், புயல் நாளில் அவ்வூர்கள் உலகத்தினின்றும் அறுபட்டுப் போகா.

ஆகவே ஜில்லா கலெக்டர் செய்யவேண்டியவை சிலவே. விசாரணைக்கு ஒரு கால வரம்பு வகுத்து, அதற்குள் முடிக்கும்படி போலீசாரை ஏவட்டும். குடியிருப்புச் சங்கங்கள் மாடியில் கம்பி கட்ட அநுமதி மறுப்பதற்கு இடி, மின்சாரம் முதலிய தக்க காரணம் காட்டும்படி கேட்கட்டும். ஸ்ரீவைகுண்டத்திலும், காயல்பட்டினத்திலும், திருச்செந்தூரிலும் ஒவ்வொரு பள்ளிக்கூட மாடியில் ஒரு கம்பியும், கீழே ஒரு பாட்டரியும், அதனை இயக்கத் தெரிந்த ஓர் ஆசிரியரும் இருக்கும்படி செய்யட்டும். அடுத்த ஐப்பசிக்குள் இதனை முடித்துவிடலாம்.