மும்பையில் மைனஸ் 40 டிகிரி

"கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது" என்ற ஒரு வாக்கியத்தின் முன்னால் நம்மில் பலர் வாயடைத்துப் போகிறோம். ஜோசியர் "கட்டத்தில் இருக்கிறது" என்றால் எந்தக் கட்டத்தில் என்று கேட்கும் நாம், கார் ஒர்க்ஷாப்பில் மட்டும் எதையும் கேட்பதில்லை. நானும் கேட்காதவன்தான். ஒரு மழைக்காலத்தில் பட்ட பாட்டிற்குப் பிறகே கேட்கக் கற்றுக்கொண்டேன்.

ஜூலை மாதம். என் காரின் டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. வண்டி ஓடியது. காலையில் கிளப்பும்போது மட்டும் சற்று முரண்டு பிடித்தது. ஒர்க்ஷாப்பில் விட்டேன். மறுநாள் தொலைபேசி வந்தது. என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான ஈ.சி.எம். போய்விட்டதாம், மாற்ற 32,000 ரூபாய் ஆகுமாம். எப்படித் தெரியும் என்றேன். "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது சாப்" என்றார்கள். இத்தனை ஆண்டுகள் மும்பையில் இருந்தும் என் இந்தி காய்கறிக் கடையைத் தாண்டியதில்லை. மேற்கொண்டு வாதாட வழியில்லாமல், யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

எங்கள் கட்டடத்தின் நான்காவது மாடியில் ஒரு பையன் இருக்கிறான். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கருவியைக் கொண்டுவந்து, ஸ்டியரிங்கிற்குக் கீழே இருந்த பதினாறு முனை சாக்கெட்டில் செருகினான். அவன் செல்போனில் பி 0113 என்ற குறியீடு வந்தது. என்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் இணைப்பில் மின்னழுத்தம் கூடுதலாக இருக்கிறது என்பது அதன் பொருள். இன்னொரு பக்கத்தைத் திறந்தான். உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்று இருந்தது!

"அங்கிள், மும்பையில் பனி பெய்கிறது" என்று சிரித்தான். வயர் அறுந்திருந்தால் பல கார்கள் இப்படித்தான் காட்டும் என்று சொல்லிக்கொண்டே பானெட்டைத் திறந்தான். காற்றுக் குழாய் அருகே வயரை எலி கடித்திருந்தது. தெருமுனை மெக்கானிக் வயரை ஒட்டவைத்து, உறை போட்டு மூடி, 350 ரூபாய் வாங்கிக்கொண்டார். விளக்கு அணைந்தது. இதுவரை மீண்டும் எரியவில்லை.

இந்தச் சாக்கெட் புதுமை ஒன்றும் அல்ல. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்தே ஓ.பி.டி. 2 கட்டாயம். நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமாகவும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமாகவும் இது வந்தது. ஆகவே 2013க்குப் பிறகு வாங்கிய காராக இருந்தால், பெரும்பாலும் இந்தக் கருவி உங்களுக்குப் பயன்படும். அதற்கு முந்தைய கார் என்றால், வாங்குமுன் இரவல் வாங்கிச் செருகிப் பார்ப்பது நல்லது.

எதை வாங்குவது? கடைகளில் இரண்டு வகை உண்டு. செல்போனோடு இணையும் சிறு கருவி ஒன்று; சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. சொந்தத் திரையும் நீண்ட வயரும் உள்ள கையடக்கக் கருவி மற்றொன்று. சில ஆயிரம் ஆகும். முதல் வகையில் பெரும்பாலானவை ஈ.எல்.எம். 327 என்ற சில்லின் போலிகள். அதை உருவாக்கிய கனடா நிறுவனம் 2022இல் மூடப்பட்டுவிட்டது. 1.5 என்று ஒரு பதிப்பை அந்த நிறுவனம் வெளியிட்டதே இல்லை. ஆனால் அந்த எண்ணைத் தாங்கிய பெட்டிகள் தாராளமாக விற்கின்றன. ஆகவே பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பாமல், உங்கள் காரில் இணைகிறதா என்று பார்த்து, இணையாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரண ப்ளூடூத் கருவியை வாங்கி ஏமாற வேண்டாம். வைஃபை அல்லது ப்ளூடூத் எல்.ஈ. என்று கேட்டு வாங்க வேண்டும். செல்போனோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்குக் கையடக்கக் கருவியே மேல்.

எதை வாங்கினாலும் அதில் நான்கு வேலைகள் நடக்க வேண்டும். குறியீட்டைப் படிக்க வேண்டும். கோளாறு பதிவான நொடியில் என்ஜின் இருந்த நிலையைக் காட்ட வேண்டும். ஓடும்போது சென்சார்கள் சொல்வதை உடனுக்குடன் காட்ட வேண்டும். குறியீட்டை அழிக்கத் தெரிய வேண்டும். மைனஸ் 40 டிகிரியைக் காட்டியது இதில் மூன்றாவது வசதிதான்; அதை விட்டுவிட்டு வாங்குவதில் பயனில்லை. ஏ.பி.எஸ்., ஏர்பேக் கோளாறுகளை மலிவுக் கருவிகள் பொதுவாகப் படிப்பதில்லை. அதற்காக அதிகப் பணம் கொடுப்பது வீட்டுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றிவிடுங்கள். சாவியை எடுத்த பிறகும் அந்தச் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும். பல நாள் செருகியே வைத்தால் பேட்டரி இறங்கிப்போகும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. குறியீடு காய்ச்சல் மாதிரி. அதுவே நோய் அல்ல. பி 0113 என்றதும் சென்சாரை மாற்றியிருந்தால் என் பணம் வீண். பி 0420 வந்தால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் போய்விட்டது என்பார்கள். புகைக்குழாய்க் கசிவோ, ஆக்சிஜன் சென்சார் பழுதோகூடக் காரணமாக இருக்கலாம். குறியீட்டை எழுதி வைத்துக்கொள்ளாமல் அழிக்கவும் கூடாது. அழித்தால் விளக்கு அணையும், கோளாறு இருக்கும், தடயம் மட்டும் போய்விடும். மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் கருவியைத் தேட வேண்டாம்; வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அதைச் சூடேற்றிக் கெடுக்கும் நிலை அது.

இந்தக் கருவியை வாங்கிவிட்டதால் நாம் மெக்கானிக் ஆகிவிட மாட்டோம். நல்ல மெக்கானிக்கின் முகத்துக்கு நேரே அதை நீட்டுவதும் மரியாதை அல்ல. எலி கடித்த இடத்தை ஒட்டவைத்தது அவர் கைதானே தவிர, என் செல்போன் அல்ல. கருவி நமக்குத் தருவது ஒரு கேள்வி கேட்கும் உரிமையை மட்டும்தான். "என்ன குறியீடு வந்தது? வயரைப் பார்த்தீர்களா?" இந்த இரண்டு கேள்விகளுக்கு என் இந்தியே போதும். பி 0113 என்பது தமிழிலும் மராத்தியிலும் பி 0113தான். மொழி தெரியாத ஊரில் ஏமாறுகிறவனுக்கு இது சிறிய ஆறுதல் அல்ல.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு இருமுறை தேவைப்படும் இதை வீட்டுக்கு வீடு வாங்குவானேன்? நம் சங்கம் சக்கர நாற்காலியும் வாக்கரும் இரவல் தருகிறது. அந்த அலமாரியிலேயே நல்ல கருவியாக ஒன்றை வாங்கி வைத்தால் என்ன? இது சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்கலாம். வெளியூரில் நம்மவர் ஒருவர் வீணாக 32,000 ரூபாய் இழக்காமல் காப்பதும் சங்கத்தின் வேலைதான் என்பேன். நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டால் முதல் நன்கொடை என்னுடையது. பயன்படுத்தக் கற்றுத்தர நான்காவது மாடிப் பையனை நான் அழைத்து வருகிறேன். ஆவன செய்வார்களா?